உச்சிப்பொழுதும் ஊர்விலக்கும்

கொட்டகையில் விளக்கணைந்து, வெள்ளைத் திரையில் புழுதி பறக்கக் குதிரைகள் ஓடத் தொடங்கியதும் முன்வரிசைகளிலிருந்து எழும் சீழ்க்கை ஒலியை நம்மில் அறியாதார் இலர். பட்டணத்துக் கொட்டகையாயினும் சரி, தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய படமாயினும் சரி, கவ்பாய் படம் என்றால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத கிழவரும் கண் கொட்டாமல் பார்த்திருப்பர். அதற்கு மொழி வேண்டுவதில்லை. நல்லவன் யார், கெட்டவன் யார் என்பதை நடையும் தொப்பியுமே சொல்லிவிடும். எஞ்சியதைத் துப்பாக்கி சொல்லிவிடும். இதனாலேயே கற்றோர் பலர் இப்படங்களைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கினர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை மறைப்பானேன்?

அவ்வெண்ணத்தை நாம் மாற்றிக்கொண்டது, அப்படங்களுட் சில எடுக்கப்பெற்ற காலத்து அமெரிக்க அரசியலை அறிந்த பிறகே. 1947 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்நாட்டில் வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய செய்திகள் பல, குதிரை மீதேறி, இடையில் துப்பாக்கி செருகி, பழங்காலத்துக் கதை போல வேடம் பூண்டு திரைக்கு வந்தன. வேடத்தைக் கண்டு நாம் கைதட்டினோம். வேடத்தினுள் இருந்தவரை அறிந்தோமில்லை. அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

முதற்கண் இன்பத்தைப் பற்றி இரண்டொரு சொல் சொல்லிவிடுவோம். அதனை மறுத்துப் பேசுவது பொய்யாகும். ஜான் போர்டு என்பார் 1939-இல் எடுத்த 'ஸ்டேஜ்கோச்' படத்தை இன்று பார்ப்பவரும் மெய்ம்மறப்பர். யூட்டா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில், செம்பாறைகள் கோபுரங்களைப் போல் நிமிர்ந்து நிற்கும் வெட்டவெளி. அதன் நடுவே எறும்பு போல் ஊர்ந்து செல்லும் ஒரு குதிரைவண்டி. அவ்வண்டிக்குள் இருப்போர் யார்? ஒழுக்கம் காக்கப் புறப்பட்ட சீமாட்டிகள் கூடி ஊரைவிட்டு விரட்டிய பெண் ஒருத்தி. குடியால் தொழில் இழந்த மருத்துவர். சிறையினின்று தப்பிய இளைஞன். வங்கிப் பணத்தைப் பையில் திணித்துக்கொண்டு, அரசாங்கம் வங்கிகளில் தலையிடுவதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்யும் கனவான். ஊரார் தள்ளியவர்கள் மனிதராயிருக்க, ஊரார் மதித்தவன் திருடனாயிருக்கிறான். இதைக் கண்டு தோட்டத்துத் திடலில் கைதட்டியவர்களுக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே படத்தில் அந்நாட்டுப் பழங்குடியினர், முகமும் பெயருமின்றிக் கூச்சலிட்டுக்கொண்டு சுடப்பட்டு விழுவதற்கென்றே வருகின்றனர் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மண்ணுக்குரியவனைக் கொள்ளைக்காரனாகவும், மண்ணைப் பறிக்க வந்தவனை வீரனாகவும் காட்டிய பாவம் இவ்வகைப் படங்களைவிட்டு எளிதில் நீங்குவதன்று. அக்குறையைக் களைய முயன்ற படம் ஒன்று பின்னர் வந்தது. அதனை எழுதியவருக்கு நேர்ந்ததைப் பிறகு கூறுவோம்.

இனி அரசியலுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நேற்றுவரை தோழமை கொண்டிருந்த அமெரிக்காவும் சோவியத்து நாடும் பகைமை பூண்டன. 1947 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரூமன் அரசாங்க ஊழியர் அனைவருடைய விசுவாசத்தையும் சோதிக்கும்படி ஆணை பிறப்பித்தார். 1949-இல் சோவியத்து நாடு அணுகுண்டை வெடித்துக் காட்டியது. அதே ஆண்டில் சீனம் பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சிக்குட்பட்டது. 1950-இல் கொரியாவில் போர் மூண்டது. ஒற்றர்கள் சிலர் இருந்ததும் மெய்யே. ஆகையால் அமெரிக்கர் கொண்ட அச்சம் முழுதும் கற்பனையென்று நாம் சொல்லோம். அக்கட்சியின் நெறி சரியா பிழையா என்பதும் இங்கு நம் வழக்கன்று. அச்சத்தை முதலாக வைத்து வாணிபம் செய்தவர்களைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரசு என்று பெயர். நம்மவர் அறிந்த காங்கிரஸ் கட்சி வேறு. அதன் கீழ்ச்சபையில், அமெரிக்கத் தன்மைக்கு மாறான செயல்களை ஆராயும் குழு என ஒன்று 1938 முதல் இருந்துவந்தது. மாறானது எது, மாறாதது எது என்பதற்கு அக்குழு சொன்னதே இலக்கணம். 1947 அக்டோபரில் அக்குழு ஹாலிவுட்டின்மேல் கண் வைத்தது. ஏன் ஹாலிவுட் எனின், ஆலைத் தொழிலாளி ஒருவனை விசாரித்தால் அவனூர்ப் பத்திரிகை எழுதும்; நடிகரை விசாரித்தால் உலகப் பத்திரிகையெல்லாம் எழுதும். வாஷிங்டன் நகரில் விளக்கொளியும் படக்கருவிகளும் சூழ நடந்த அவ்விசாரணையே ஒரு படப்பிடிப்பைப் போலிருந்தது.

நட்புச் சாட்சிகள் என்று சிலர் அழைக்கப்பட்டனர். அவருள் ஒருவர் நடிகர் காரி கூப்பர். பொதுவுடைமைச் சாயலுள்ள கதைகள் சிலவற்றைத் தாம் ஏற்க மறுத்ததுண்டு என்றார். எந்தக் கதைகள் என்று கேட்டதற்கு, தாம் பெரும்பாலும் இரவில் படிப்பதால் பெயர்கள் நினைவில் இல்லை என்றார். ஒருவர் பெயரையும் அவர் சொல்லவில்லை. இதனை வாசகர் மனத்திற்கொள்க.

பகைச் சாட்சிகளாய் வந்தவருட் பதின்மர், தாம் எக்கட்சியினர் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை என்று கூறி விடையளிக்க மறுத்தனர். அவர்மீது காங்கிரசை அவமதித்த குற்றம் சாட்டப்பட்டது. ஆல்பர்ட் மால்ட்ஸ் என்னும் எழுத்தாளர் மீதான வாக்கெடுப்பில் குற்றச்சாட்டை ஆதரித்தோர் 346 பேர். எதிர்த்தோர் 17 பேர். உயர்நீதிமன்றங்களின் கதவுகள் ஒவ்வொன்றாய் மூடியபின், 1950-இல் பதின்மரும் சிறைபுகுந்தனர். விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பார்னல் தாமஸ் என்பவர், வேலை செய்யாதவர்களைத் தம் அலுவலகச் சம்பளப் பட்டியலில் சேர்த்து அப்பணத்தைத் தாமே எடுத்துக்கொண்ட குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, டான்பரி சிறைக்கு வந்து சேர்ந்தார். அவர் அனுப்பிய பதின்மருள் இருவர் அதே சிறையில் இருந்தனர். கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

சிறையைவிடக் கொடியது வேறொன்று. 1947 நவம்பரில் படமுதலாளிகள் கூடி, அப்பதின்மருக்கு வேலை தருவதில்லை என்றும், அறிந்து எந்தப் பொதுவுடைமையாளருக்கும் வேலை தருவதில்லை என்றும் அறிக்கை விடுத்தனர். அதிலிருந்து கறுப்புப் பட்டியல் எனப்பட்டது வளர்ந்தது. அப்பட்டியலை எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை. உன் பெயர் அதில் இருக்கிறது என்று யாரும் சொல்லவும் இல்லை. தொலைபேசி மணி அடிப்பது நின்றுபோகும், நேற்று விருந்துண்டவர் இன்று தெருவின் மறுபுறம் கடந்து செல்வர், அவ்வளவே. இஃது என்னவென்று நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஊர்விலக்கு என்ற சொல்லை நாம் நெடுங்காலமாக வைத்திருக்கிறோம். வண்ணானை நிறுத்தி, நாவிதனை நிறுத்தி, நெருப்பும் நீரும் மறுத்து ஒரு குடும்பத்தை ஒடுக்கிய பஞ்சாயத்துகளை நம் பாட்டன்மார் பின்னே விட்டுவிட்டுக் கப்பலேறினர். சிலர் அதனாலேயே கப்பலேறினர். அதே பஞ்சாயத்து கால்சட்டை அணிந்து கலிபோர்னியாவில் கூடியது.

1950 பிப்ரவரி 9-ஆம் நாள் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் என்னும் ஊரில், செனட்டர் ஜோசப் மக்கார்த்தி என்பவர், அயல்நாட்டு இலாகாவிலுள்ள பொதுவுடைமையாளரின் பட்டியல் தம் கையில் உள்ளதென்று முழங்கினார். எண்ணிக்கை 205 என்றார். பின்னர் 57 என்றார். கேட்டவர் எண்ணைக் கேட்டனரேயன்றிப் பட்டியலைக் கேட்டாரில்லை. இவர் மேற்சபையினர், ஹாலிவுட்டைக் கலக்கியதோ கீழ்ச்சபைக் குழு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் உளர். ஆயினும் அக்காலத்துக்கே மக்கார்த்தியின் பெயர் நிலைத்துவிட்டது.

ஊர்விலக்கிலிருந்து மீள ஒரு வழி இருந்தது. குழுவின் முன் வந்து, முன்னொரு காலத்தில் தன்னுடன் கூட்டங்களில் இருந்தவர் இன்னார் இன்னார் என்று பெயர் சொல்ல வேண்டும். அப்பெயர்கள் குழுவினிடம் பெரும்பாலும் முன்னமே இருந்தன. ஆகவே செய்தி அறியக் கேட்டதன்று. சொல்பவனைச் சொல்ல வைப்பதே நோக்கம். சாதிச் சபையில் காலில் விழுந்து அபராதம் கட்டுவது போன்றது இது. ஒரு வேற்றுமையுண்டு, இங்கே அபராதத்தைப் பிறர் கட்டினர்.

இந்தச் சூழலில், 1951-இல், கார்ல் போர்மன் என்னும் எழுத்தாளர் ஒரு கவ்பாய் கதையை எழுதிக்கொண்டிருந்தார். சிகாகோவில் 1914-இல் பிறந்தவர். இளமையில் சில ஆண்டுகள் பொதுவுடைமைக் கட்சியிலிருந்து பின் விலகியவர். ஸ்டான்லி கிரேமர் என்பாருடன் கூட்டாளியாக இருந்து படங்கள் எடுத்து வந்தார். இயக்கியவர் பிரெட் ஜின்னமன். தம் பெற்றோரை இட்லரின் கொலைவெறிக்குப் பறிகொடுத்த யூதர். நாயகன் நாம் மேலே கண்ட காரி கூப்பர். படத்தின் பெயர் 'ஹை நூன்'. உச்சிப்பொழுது என்று பொருள்.

இக்கதையைச் சற்று விரித்தே சொல்வோம். ஹாட்லிவில் என்னும் சிற்றூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஊர்க்காவல் தலைவனான வில் கேன் அப்பொழுதுதான் திருமணம் செய்துகொண்டு, பதவியைத் துறந்து, மனைவியுடன் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். மணமகள் கொலையை எவ்வகையிலும் ஒப்பாத குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினள். அவ்வேளையில் ஒரு தந்தி வருகிறது: ஐந்தாண்டுகளுக்கு முன் அவன் பிடித்துக் கொடுத்த பிராங்க் மில்லர் என்னும் கொலைகாரன் மன்னிப்புப் பெற்று விடுதலையாகிவிட்டான், நண்பகல் வண்டியில் வந்திறங்குவான். அவன் கூட்டாளிகள் மூவர் இரயில் நிலையத்தில் காத்திருக்கின்றனர். ஊரார் கேனை ஓடிவிடச் சொல்லுகின்றனர். சிறிது தொலைவு சென்றவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறான். ஓடினால் எங்கும் துரத்தி வருவார்கள் என்பது அவன் சொல்லும் காரணம். சொல்லாத காரணமும் ஒன்றுண்டு; அதனை அவன் முகம் சொல்லுகிறது.

படம் ஓடுவது 85 நிமிடம். கதை நடப்பதும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே. சுவரில் மாட்டிய கடிகாரங்களை அடிக்கடி காட்டுகின்றனர். அந்த நேரத்துக்குள் கேன் வீடு வீடாகச் சென்று துணை கேட்கிறான். துப்பாக்கிச் சண்டை கடைசிச் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் மறுப்பு. இந்த மறுப்புகளின் வரிசையில்தான் அவ்வெழுத்தாளரின் உள்ளம் இருக்கிறது.

முன்பு மில்லருக்குத் தண்டனை விதித்த நீதிபதி, சுவரிலிருந்த தேசக்கொடியை மடித்து, நீதித் தராசை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு குதிரையேறிவிடுகிறார். துணைக் காவலன், தலைமைப் பதவியைத் தனக்கு வாங்கித் தந்தால் உடன் நிற்பதாகப் பேரம் பேசுகிறான். தங்கும் விடுதிக் கணக்கனுக்கு மில்லர் வருவதில் மகிழ்ச்சியே; அவன் இருந்த காலத்தில் வியாபாரம் நன்றாக நடந்தது. நண்பனொருவன் உள்ளே ஒளிந்துகொண்டு, தான் இல்லையென்று சொல்ல மனைவியை வாசலுக்கு அனுப்புகிறான். முன்வந்த ஒருவன், வேறெவரும் வரவில்லையென்று கண்டதும் தனக்குப் பிள்ளைகுட்டிகள் உண்டென்று பின்வாங்குகிறான். உண்மையாகவே வருகிறேன் என்றவர் ஒரு சிறுவனும் ஒற்றைக்கண் குடிகாரனுமே. அவர்களைக் கேனே திருப்பி அனுப்புகிறான்.

எல்லாவற்றிலும் கொடியது தேவாலயக் காட்சி. வழிபாட்டின் நடுவே கேன் நுழைந்து துணை கேட்கிறான். சிலர் எழுகின்றனர். உடனே ஒருவர், விவாதிக்க வேண்டும் என்கிறார். விவாதம் நடக்கிறது. குழந்தைகளை வெளியே அனுப்பிவிடுகின்றனர். பாதிரியார், கொல்லாதே என்று வேதம் சொல்லியிருக்கக் கொல்லப் போங்கள் என்று நான் எவ்வாறு சொல்வேன் என்று தயங்குகிறார். கடைசியில் ஊர்த்தலைவர் எழுகிறார். கேனின் நெருங்கிய நண்பர். இவனைப்போல் ஒருவன் நமக்குக் கிடைத்ததில்லை, இவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று புகழ்கிறார். கேனின் முகம் மலர்கிறது. பின்னர் அதே குரலில், வடக்கே பணக்காரர்கள் நம் ஊரில் முதல் போட எண்ணியிருக்கிறார்கள், தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்ததென்று பத்திரிகையில் வந்தால் அது கெட்டுவிடும், ஆகையால் ஊரின் நன்மைக்காக நீ போய்விடுவதே நல்லது என்று முடிக்கிறார். ஒருவரும் அவனைத் திட்டவில்லை. மாலை போட்டு வாசலுக்கு வெளியே விட்டனர்.

தோட்டத்தில் நியாயம் கேட்டு முன்னால் நின்றவனுக்கும், அவன் பின்னால் திரும்பிப் பார்த்தபோது கண்ட வெற்றிடத்துக்கும் பழகிய நம் மக்கள், இக்காட்சியை எந்த நாட்டுப் படமாகவும் கருதமாட்டார்கள்.

நண்பகலில் வண்டி வருகிறது. வெறிச்சோடிய தெருவில் கேன் தனியே நிற்கிறான். படக்கருவி மேலே மேலே உயர்கிறது. அவன் சிறுத்துப் போகிறான். பிறகு சண்டை. கொலையை வெறுத்த மனைவியே ஓடிவந்து ஒருவனைச் சுட்டுக் கணவனைக் காக்கிறாள். எல்லாம் முடிந்தபின் ஊரார் நான்கு பக்கமிருந்தும் வந்து சூழ்ந்துகொள்கின்றனர். கேன் ஒரு சொல்லும் பேசவில்லை. மார்பிலிருந்த தகர நட்சத்திரத்தைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டு வண்டியேறிப் போகிறான்.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த போதே போர்மனுக்குக் குழுவின் அழைப்பாணை வந்தது. 1951 செப்டம்பரில் அவர் சாட்சிக் கூண்டேறினார். தாம் அப்போது கட்சியில் இல்லை என்று கூறினார். முற்காலத்தைப் பற்றிய வினாக்களுக்கு, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல எவனையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி விடை மறுத்தார். பெயர்களைச் சொல்லவில்லை. கூட்டாளிகள் அவரை விலக்கினர். கிரேமர் பின்னாளில் இதற்கு வேறு நியாயம் சொன்னார்; இருதரப்பையும் படித்தவர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். எழுத்தாளராக அவர் பெயர் படத்தில் நின்றது. தயாரிப்பாளர் வரிசையில் கிடைக்க வேண்டிய இடம் போயிற்று. திரைக்கென்று எழுதிய மறுப்புகளை அவர் வீட்டிலேயே கேட்க நேர்ந்தது. ஹாலிவுட்டின் கோழைத்தனத்தையே உவமையாக எழுதினேன் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். ஜின்னமனோ, அரசியல் ஒன்றுமில்லை, மனச்சான்றின்படி நடக்கும் ஒருவன் கதை என்றே சொல்லிவந்தார். இவ்விரண்டுக்கும் பெரிய வேற்றுமை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

காரி கூப்பர் என்ன செய்தார்? 1947-இல் குழுவின் முன் நட்புச் சாட்சியாக நின்ற அவர், போர்மனைக் கைவிடவில்லை. போர்மன் தனியே தொடங்கிய படக்கம்பெனியில் தாம் பங்கு கொள்வதாக வெளிப்படையாகவே அறிவித்தார். பத்திரிகைகளும் ஹாலிவுட்டின் பெரியமனிதர்களும் கூச்சலிட, சில நாட்களில் விலகிக்கொண்டார். வில் கேனாக நடித்தவர்க்கும் பிள்ளைகுட்டி உண்டல்லவா? ஆயினும் முதலில் கை நீட்டியவர் அவர் ஒருவரே என்பதால் நாம் அவர்மீது கல்லெறிய மாட்டோம். போர்மன் 1952-இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அவ்வாண்டு படம் வெளிவந்தது. நான்கு ஆஸ்கார் பரிசு பெற்றது. அதில் ஒன்று கூப்பருக்கு. எழுத்துக்குப் பரிசு இல்லை.

1953-இல் அப்பரிசைக் கூப்பர் சார்பில் மேடையேறிப் பெற்றுக்கொண்டவர் ஜான் வெயின் என்றால் வியப்பாயிருக்கும். ஸ்டேஜ்கோச்சில் சிறை தப்பிய இளைஞராக வந்து உள்ளங்கொண்டவர் இவரே. அமெரிக்க இலட்சியங்களைக் காப்பதற்கென்று ஹாலிவுட்டில் ஏற்பட்ட சங்கத்துக்கு 1949 முதல் 1953 வரை தலைவராயிருந்து, கறுப்புப் பட்டியலுக்குத் தோள் கொடுத்தவரும் இவரே. மேடையில் நகைச்சுவையாகப் பேசிப் பரிசை வாங்கிச் சென்றவர், 1971-இல் ஒரு பேட்டியில், அமெரிக்கத் தன்மைக்கு இவ்வளவு மாறான படத்தைத் தாம் கண்டதேயில்லை என்றும், போர்மனை நாட்டைவிட்டு ஓட்டுவதில் பங்குகொண்டதற்கு வருந்தவில்லை என்றும் சொன்னார். நாயகன் நட்சத்திரத்தைக் காலால் மிதிக்கிறான் என்றும் குற்றம் சாட்டினார். படத்தில் அப்படி ஒரு மிதிப்பு இல்லை. கீழே எறிவதோடு சரி. எறிந்ததைப் பார்த்தவர்க்கு மிதித்ததாகப் பட்டிருக்கிறது.

வெயினும் இயக்குநர் ஹோவர்டு ஹாக்சும் சேர்ந்து 1959-இல் எடுத்த 'ரியோ பிராவோ' இதற்கு விடையாக எழுந்தது. காவல் தலைவனானவன் ஊரெல்லாம் சுற்றித் துணைக்கு வா என்று கெஞ்சுவது அழகா என்பது ஹாக்சின் கேள்வி. அவர் படத்தில் காவல் தலைவன் ஊராரின் உதவியை வேண்டாமென்கிறான். ஒரு குடிகாரன், ஒரு நொண்டிக் கிழவன், ஓர் இளைஞன் ஆகியோருடன் பகைவரை வெல்கிறான். உள்ளதை உள்ளபடி சொன்னால், இளைப்பாற ஒரு மாலையில் பார்ப்பதற்கு 'ரியோ பிராவோ' இனிய படம். பாட்டும் சிரிப்பும் நட்பும் நிறைந்தது. நாம் அதனைப் பலமுறை பார்த்தோம், இன்னும் பார்ப்போம். ஆனால் அதன் ஊர் நம்பத்தக்கதாக இல்லை. அங்கே கேளாமலே கை கொடுக்கிறார்கள்.

பெயர் சொல்லும் கொடுமையை நேரே காட்டிய படம் 1954-இல் நிக்கலஸ் ரே இயக்கிய 'ஜானி கிட்டார்'. பார்ப்பதற்கு விசித்திரமான படம். இரு பெண்களின் பகையே அதன் நடு. சாராயக்கடை நடத்தும் வியன்னா என்பவளை ஒழிக்க எம்மா என்பவள் ஊரைத் திரட்டி வருகிறாள். வங்கிக் கொள்ளையில் சேர்ந்து காயம்பட்ட ஒரு சிறுவன் அவர்கள் கையில் அகப்படுகிறான். வியன்னாவும் உடந்தை என்று சொல், உன்னை விடுகிறோம் என்கின்றனர். அவள் குற்றமற்றவள். சிறுவன் அவளையே பார்த்து நான் என்ன செய்வது என்று கேட்கிறான். உன்னைக் காத்துக்கொள் என்கிறாள் அவள். அவன் பொய் சொல்லுகிறான். சொன்ன பின்னும் அவனைத் தூக்கிலிடுகின்றனர்.

அப்படத்தின் நாயகனாக நடித்த ஸ்டெர்லிங் ஹேடன், 1951-இல் குழுவின் முன் வந்து உண்மையாகவே பெயர்களைச் சொன்னவர். வாழ்நாள் முழுதும் அதற்காக வருந்தினார். 1963-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் தம்மைத் தாமே பழித்துக்கொண்டார். ஊர்க்கூட்டத்தை நடத்தி வரும் பெரியமனிதராக நடித்த வார்டு பாண்டோ, வெயினின் சங்கத்தில் முன்னின்று கறுப்புப் பட்டியலுக்கு உழைத்தவர். பெயர் சொன்னவரும் சொல்ல வைத்தவரும் அந்தச் சிறுவனின் கதையில் ஒருங்கே நின்றனர்.

அதே ஆண்டில் வந்த 'சில்வர் லோடு' என்னும் சிறு படம் இன்னும் துணிச்சல் மிக்கது. பொய்ப் பத்திரத்துடன் ஊருக்குள் வந்து, நல்லவனொருவன்மீது கொலைப்பழி சுமத்தி ஊரையே அவனுக்கெதிராகத் திருப்பும் வில்லனின் பெயர் மக்கார்ட்டி! நடக்கும் நாள் அமெரிக்கச் சுதந்தர தினமாகிய ஜூலை 4. படத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை. குதிரைப் படந்தானே என்று விட்டுவிட்டனர். 1954 டிசம்பர் 2-இல், செனட் சபை 67-க்கு 22 என்ற வாக்குகளால் தன் உறுப்பினரான மக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் 1957-இல் இறந்தார். பட்டியல் அவருடன் இறக்கவில்லை.

பழங்குடியினரை மனிதராகக் காட்ட முயன்ற படத்தைப் பற்றி முன்பு குறிப்பிட்டோம். அது 1950-இல் வந்த 'புரோக்கன் ஆரோ'. அப்பாச்சித் தலைவன் கொச்சிசு அதில் சொல் தவறாத பெருந்தகை. எழுதியவராகத் திரையில் கண்ட பெயர் மைக்கேல் பிளாங்க்போர்ட். மெய்யாக எழுதியவர், 346 வாக்குகளால் குற்றம் சாட்டப்பெற்ற அந்த ஆல்பர்ட் மால்ட்ஸ். நண்பர் பினாமியாக நின்றார். சொத்துக்குப் பினாமி உண்டென்று நாம் அறிவோம். எழுத்துக்கும் பினாமி வைத்த காலம் அது. ராபர்ட் ரிச் என்பவருக்கு 1957-இல் ஆஸ்கார் பரிசு அறிவிக்கப்பட்டபோது அப்படியொருவர் உலகிலேயே இல்லை. எழுதியவர் பதின்மருள் ஒருவரான டால்டன் டிரம்போ.

அடுத்த ஆண்டு நடந்தது நம்மைத் தொடுவது. 1957-இல் வெளிவந்த 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்கு ஏழு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. திரைக்கதைப் பரிசு பெற்றவர், மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல். அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. ஆங்கிலத் திரைக்கதையை எழுதியவர்கள், நாடுவிட்டு வந்த கார்ல் போர்மனும், அவரைப் போன்றே விலக்கப்பட்ட மைக்கேல் வில்சனும். வில்சன் 1978-இல் இறந்தார். போர்மன் 1984-இல் இறந்தார். அந்த 1984-இல்தான் ஆஸ்கார் கழகம் தவற்றைத் திருத்திப் பரிசை அவ்விருவர்க்கும் உரியதாக்கியது. இப்பொழுது அப்படத்தின் பிரதிகளில் அவர்கள் பெயரைக் காணலாம்.

படம் இலங்கையில், கித்துல்கல என்னுமிடத்தில் எடுக்கப்பட்டது. கதையோ சயாமில் ஜப்பானியர் போட்ட இருப்புப்பாதையைப் பற்றியது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942 முதல் 1943 அக்டோபர் வரை போடப்பட்டது. அதில் ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய போர்க்கைதிகள் 60,000-க்கு மேல் உழைத்தனர். 12,000-க்கு மேல் மாண்டனர். படம் அவர்களுடையது. ஆனால் அப்பாதையில் ஆசியத் தொழிலாளர் அவர்களைவிடப் பன்மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல் சென்றனர். அவருள் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் காட்டிலேயே முடிந்தனர். படத்தில் ஆங்கிலத் தளபதியின் பெருமிதம் இருக்கிறது. பாலத்தின் அழகு இருக்கிறது. ஒரு தமிழன் இல்லை. பெயர் மறைக்கப்பட்ட இருவர் எழுதிய கதையிலும் நம்மவர்க்குப் பெயர் கிடைக்கவில்லை.

ஆட்களைப் பிடித்த வகையைப் பற்றிப் போர்க்கைதிகளின் குறிப்புகளில் ஒரு செய்தி காணப்படுகிறது. மலாயாவில் சில இடங்களில் இலவச சினிமாக் காட்சி என்று ஜப்பானியர் விளம்பரம் செய்தனராம். மக்கள் கூடியதும் கொட்டகைக் கதவுகளை அடைத்து, உள்ளேயிருந்த ஆண்களை அப்படியே சயாமுக்கு இரயிலேற்றினராம்.

சயாமில் காஞ்சனபுரி நகரின் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்; பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்த கற்கள். நம்மவர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை. வாசகர்களுள் எவர் குடும்பத்திலேனும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் இருப்பின், அவர் பெயரையும், புறப்பட்ட தோட்டத்தையும், நினைவிலிருந்தால் ஆண்டையும் எழுதி நமக்கு அனுப்புக. வருகின்ற இதழ்களில் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.